டேலியாவுக்கு ஒரு மெக்சிகோக் குளிர்காலம்

ஒக்டோபர் பிற்பகுதியில் எங்கள் தெருவில் நடந்து போனால், தோட்டக் கழிவு போடும் பெரிய தாள் பைகளிலிருந்து டேலியாப் பூச்செடிகளின் தண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பனி பட்டுக் கறுத்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. கறுத்தது இலையும் தண்டும்தான். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அப்போதுதான் முற்றித் திரண்டிருக்கிறது. வசந்தத்தில் ஒரு கிழங்கு நட்ட இடத்தில் இப்போது ஐந்தாறு கிழங்குகள் கிடக்கும். அவற்றை எடுத்து வைக்கத் தெரிந்தவர்கள் மறுபடியும் காசு கொடுத்து டேலியா வாங்க வேண்டியதில்லை.

இது கனடாவின் ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் போன்ற, மண்ணே உறைந்துபோகும் இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுவது. என் பாத்தி ஸ்காபரோவில், பின்வளவு வேலியோரம் தெற்குப் பார்த்து இருக்கிறது. இங்கிலாந்தின் இலண்டனிலும், வன்கூவரிலும் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செடியின் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேலியாவின் பிறப்பிடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1789இல் மெக்சிகோ நகரத்துத் தாவரவியல் பூங்காவிலிருந்து அதன் விதைகள் ஸ்பெயினின் மட்ரிட் அரச பூங்காவுக்குப் போயின. 1791இல் அங்கே கவனில்லேஸ் என்ற தாவரவியலாளர், சுவீடனைச் சேர்ந்த அன்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார். மெக்சிகோ 1963இல் அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இவற்றையெல்லாம்விடத் தோட்டக்காரருக்கு முக்கியமான செய்தி, அந்த மலைப்பகுதிகளின் பருவம். அங்கே கோடைதான் மழைக்காலம். பகல் மிதமான வெயில், இரவு குளிர். குளிர்காலத்தில் மழை இல்லை. செடியின் மேற்பகுதி காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அந்தக் கிழங்கு உண்டானது வறட்சியைத் தாண்டுவதற்காக. உறைபனி மண்ணுக்குள் இறங்கும் நிலையை அது அறியாது. ஆகவே டேலியாவுக்கு நாம் செய்யும் குளிர்காலப் பராமரிப்பு முழுவதும் ஒரே வேலைதான்: குளிர்ச்சியான, இருட்டான, உறையாத ஒரு மெக்சிகோக் குளிர்காலத்தை வீட்டின் ஒரு மூலையில் உண்டாக்கிக் கொடுப்பது. கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கிழங்கை வாங்கும்போது

உருளைக்கிழங்கில் எங்கே வெட்டினாலும் ஒரு துண்டில் கண் கிடைக்கும். டேலியாவில் அப்படி இல்லை. உருளைக்கிழங்கு நிலத்தடியில் திரண்ட தண்டு. டேலியாக் கிழங்கு திரண்ட வேர். வேரில் கண் இராது. பழைய தண்டு கிழங்கோடு சேரும் இடத்தைத் ‘தலை’ என்போம். கண்கள் அங்கே மட்டும்தான் வரும். தலைக்கும் கிழங்குக்கும் நடுவே ஒடுங்கிய பகுதி ‘கழுத்து’. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. மண்ணில் வேர் விடும், மாதக்கணக்கில் அழுகாமலும் கிடக்கும், ஆனால் முளைக்காது. கடைகளில் பிளாஸ்டிக் பையில் படம் போட்டு விற்பவற்றை வாங்கும்போது பையைத் திருப்பி, கழுத்து முழுதாக இருக்கிறதா, தலையில் சிறு மேடாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எல்லோரும் முதலில் ஆசைப்படுவது ‘கஃபே ஓ லே’ போன்ற தட்டளவுப் பூவுக்கு. பாலும் ரோசாவும் கலந்த நிறம், எட்டு முதல் பத்து அங்குல அகலம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்தால் தலை தொங்கும், பூச்சாடியில் நெடுநாள் நிற்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பந்து வகை. கருஞ்சிவப்பில் ‘கோர்னல்’, இளஞ்செம்மஞ்சளில் ‘ஜோவி வின்னி’: தண்டு உறுதி, இதழ் நெருக்கம், வெட்டி வைத்தாலும் குலையாது. தேனீக்கள் வரவேண்டும் என்று விரும்பினால் ‘பிஷப் ஒஃப் லண்டாஃப்’ ஒன்றாவது வையுங்கள். கறுத்த இலை, சிவப்பு இதழ், நடுவில் திறந்த மகரந்தம். இரட்டை இதழ் வகைகளில் தேனீக்கு வழி கிடைப்பதில்லை.

நடுதல்

நடும் காலம் விக்டோரியா தினத்தை ஒட்டி, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமையை ஒட்டி. ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்தால் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மண் 15 பாகை செல்சியசைத் தொட்டிருக்க வேண்டும். சமையலறையில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானியைக் காலையில் நான்கு அங்குலம் மண்ணில் செருகிப் பார்த்தால் போதும்.

இடத்துக்கு ஆறு மணிநேரமாவது நேர்வெயில் வேண்டும். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் நிற்கும். பாத்தியை அரை அடி உயர்த்தி, கூட்டெரு கலந்துவிடுவது நல்லது. குழி ஆறு அங்குலம். கிழங்கைப் படுக்கையாக வைத்து, கண் மேலே பார்க்கும்படி திருப்பி, நான்கு அங்குலத்துக்கு மண் மூடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி. தட்டளவுப் பூ வகைகளுக்கு இரண்டரை அடி. முட்டுக்கம்பை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். ஜூலையில் செடி சாய்ந்த பிறகு ஊன்றினால் கம்பு நேரே கிழங்குக்குள் இறங்கும்.

அதன் பிறகு செய்யவேண்டியது, தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. மண்ணில் இயல்பான ஈரம் இருந்தால் முளை வெளியே தெரியும்வரை ஒரு சொட்டும் தேவையில்லை. வேர் இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது. அதில் ஊறி அழுகும். முளை வர இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இடையில் தோண்டிப் பார்த்தால் முளை முறியும். அணில் தோண்டும் வளவானால் கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்து, முளை வந்ததும் எடுத்துவிடுங்கள்.

கோடை

நான்கு சோடி இலை வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். நன்றாக வளர்ந்து வருகிற செடியைக் கிள்ள யாருக்கும் மனம் வராது. கிள்ளாவிட்டால் ஒரே தண்டு நெட்டையாகப் போய் முதல் காற்றுக்கு விழும். கிள்ளினால் ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் கிளை வரும், பூவும் அதற்கேற்பப் பெருகும்.

உரத்தில் நைதரசன் குறைவாக இருக்கட்டும். தக்காளிக்குப் போடும் உரம் பொருந்தும். புல்வெளிக்குத் தூவும் உரம் பாத்திக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் நைதரசன் மிகுதி. இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ குறையும், கிழங்கு நீர்ச்சத்து மிகுந்து குளிர்காலத்தில் சுலபமாக அழுகும். ஓகஸ்ட் முடிவோடு உரத்தை நிறுத்திவிடுகிறேன்.

ஜூலையில் 30 பாகைக்கு மேல் வெயில் தொடர்ந்தால் மொட்டுகள் அப்படியே நின்றுவிடும். நோய் என்று பயப்படவேண்டாம். குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடி வெப்பத்தில் காத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை வேர்வரை இறங்கும்படி ஆழமாகத் தண்ணீர் விட்டு, அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் போதும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்ட அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதற்கு 2009 முதல் தடை இருக்கிறது. ஆகவே கைவேலைதான். ஜப்பான் வண்டு ஜூலையில் வரும். விடியற்காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும்போது, சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியைப் பூவுக்குக் கீழே பிடித்துத் தட்டினால் விழுந்துவிடும். வண்டைக் கவரும் பொறிகளைக் கடையில் விற்கிறார்கள். அவை அயல் வளவு வண்டுகளையும் சேர்த்து அழைத்து வரும், வாங்கவேண்டாம். வாலில் இடுக்கி உள்ள இயர்விக் பூச்சிக்கு, செய்தித்தாளைச் சுருட்டி நனைத்து மாலையில் செடியடியில் வைத்துவிட்டுக் காலையில் அதே வாளிக்குள் உதறுங்கள். இளம் முளையைத் தின்னும் ஓடில்லா நத்தைக்கு இரும்பு பொஸ்பேட் குறுணி.

தேமல் நோய் மட்டும் வேறு கதை. இலை நரம்பை ஒட்டி மஞ்சள் வரிகள், செடி குட்டை, இலை சுருக்கம். அது வைரஸ், அசுவினியாலும் வெட்டுக்கத்தியாலும் பரவும். மருந்து இல்லை. கிழங்கோடு சேர்த்துக் குப்பையில் போடவேண்டும், கூட்டெருக் குவியலில் போடக்கூடாது. எவ்வளவு அரிய வகையானாலும் இரக்கம் காட்டக்கூடாது, ஏனென்றால் எடுத்து வைத்தால் நோயையும் சேர்த்து எடுத்து வைக்கிறீர்கள்.

பூவைப் பற்றி ஒரு நுணுக்கம். வாடிய பூவின் இதழ்கள் உதிர்ந்த பிறகு அதுவும் மொட்டுப் போலவே தெரியும். புதிதாகத் தோட்டம் வைத்தவர்கள் புது மொட்டை வெட்டிவிட்டுப் பழையதை விட்டுவிடுவது வழக்கம். கிட்டப் போய்ப் பாருங்கள்: புது மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக, சட்டைப் பொத்தான் போல இறுக்கமாக இருக்கும். பழையது முனை கூராக இருக்கும். விரலால் அமுக்கினால் மெத்தென்று ஈரம் கசியும். கூரானதை வெட்டுங்கள். வெட்டும்போது தலையை மட்டும் கிள்ளாமல் கீழே இலைக்கணுவரை தண்டோடு எடுத்தால் அடுத்த பூவுக்கும் நீண்ட தண்டு கிடைக்கும். சாடிக்கு வெட்டுவதாக இருந்தால் முக்கால் பங்கு விரிந்த பிறகு, காலையில் வெட்டவேண்டும்; டேலியா மொட்டு வெட்டிய பிறகு விரிவதில்லை. பூவைத் திருப்பிப் பின்பக்கத்து இதழைத் தொட்டுப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் பூ முதிர்ந்துவிட்டது.

நவராத்திரி செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வருகிறது. டேலியாவுக்கும் அதுதான் உச்சக்காலம். இரவு குளிரத் தொடங்கியதும் நிறம் அடர்ந்து, தினமும் வெட்டினாலும் குறையாமல் பூக்கும். இந்த நாட்டில் கும்பத்துக்கு முன்னால் வைக்க மல்லிகையும் செவ்வந்தியும் கடையில்தான் வாங்கவேண்டும். வளவில் பறித்த பூவை ஒன்பது நாளும் வைக்க முடிவது எனக்குப் பெரிய நிறைவு. பூவைச் செடியிலேயே விட்டு அழகு பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வெட்ட வெட்டத்தான் டேலியா பூக்கும்.

அந்த வாரங்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பூ இருக்கும்போதே ஒவ்வொரு செடியின் தண்டின் அடியிலும் பெயரையோ நிறத்தையோ எழுதிய பட்டையைக் கட்டிவிடுங்கள். பனி பட்ட பிறகு எல்லாச் செடியும் ஒரே கறுப்பு. எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

தோண்டுதல்

செப்டெம்பர் 22ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகும். அதற்குப் பிறகு பகல் குறையக் குறையச் செடி தன் சேமிப்பைக் கீழே இறக்கிக் கிழங்கைத் திரளவைக்கிறது. ஒக்டோபர் தொடக்கத்தில் அவசரப்பட்டுத் தோண்டினால் மெலிந்த, தோல் முற்றாத கிழங்குதான் கிடைக்கும். அது மார்ச் வருவதற்குள் வற்றிவிடும். ஆகவே முதல் உறைபனி வரட்டும். ஒரே இரவில் செடி முழுவதும் வெந்த கீரைபோலத் தொங்கிக் கறுத்துவிடும். கலங்கவேண்டாம். மண் உறைவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

கறுத்த மறுநாள் தண்டை நிலத்திலிருந்து ஐந்தாறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். டேலியாத் தண்டு குழாய். வெட்டிய வாயில் மழைநீர் நிறைந்து நேரே தலைக்குள் இறங்கும். கண் அழுகுவது அங்கேதான் தொடங்குகிறது. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து வாயை மூடிவிடுங்கள். பிறகு ஒரு வாரம், பத்து நாள் மண்ணுக்குள் விட்டுவைத்தால் தோல் முற்றும், கண்களும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மழை விடாமல் பெய்தால் மட்டும் காத்திருக்காமல் தோண்டிவிடுங்கள்.

தோண்டுவதற்கு மண்வெட்டி வேண்டாம். நான்கு பல் உள்ள தோட்டத்து ஃபோர்க் நல்லது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி நாலு பக்கமும் குத்தி, ஒவ்வொரு பக்கமாக மெல்ல நெம்புங்கள். குலை அசைந்ததும் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கவேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால், ‘டக்’ என்ற சத்தத்தோடு கழுத்துகள் முறியும். மேலுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கிழங்குகள் முடிந்தன. களிமண் கட்டியோடு வந்தால் அப்படியே சாய்த்து வைத்து, சிறிது காய்ந்தபின் உதிர்த்துவிடுங்கள்.

கழுவலாமா, கூடாதா என்று தோட்டக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். மணல்மண் உள்ளவர்கள் தட்டிவிட்டு வைத்துவிடலாம். களிமண்ணில் நான் கழுவுவதையே ஆதரிக்கிறேன். ஒட்டியிருக்கும் மண்ணுக்குள் புழுவும் நத்தை முட்டையும் அழுகலும் மறைந்திருக்கும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாமல், மெல்ல விட்டுக் கழுவவேண்டும். தோல் உரிந்த இடம் பூஞ்சணத்துக்கு வாசல். பிறகு தண்டு கீழே பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து, வெயில் படாத கராஜில் ஒருநாள், இரண்டு நாள் வையுங்கள். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வாரம் அப்படியே கிடந்தால் விரலளவுக் கிழங்குகள் சுருங்கிப்போகும்.

பிரித்தல்

ஒக்டோபரில் பிரிக்கலாம், ஏப்ரலிலும் பிரிக்கலாம். இப்போது கிழங்கு மென்மை, கத்தி சுலபமாக இறங்கும். கண் தெரிவதுதான் கடினம். வசந்தத்தில் கண் முளைத்துக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் தலை மரக்கட்டையாக இறுகியிருக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் குலையை முழுதாக, பெரிதானால் தண்டோடு சேர்த்து இரண்டாகப் பிளந்து, அப்படியே எடுத்து வையுங்கள். பழகியவர்களுக்கு இலையுதிர்காலமே மேல். இடம் மிச்சம், உள்ளே அழுகல் இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும்.

கண்ணைத் தேடும்போது நல்ல வெளிச்சத்தில் குலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். தண்டைச் சுற்றிய வளையத்தில் குண்டூசித் தலையளவு மேடுகள், சில வெள்ளையாக, சில இளஞ்சிவப்பாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று இருக்கவேண்டும்: கிழங்கு, முறியாத கழுத்து, கண் உள்ள தலைத்துண்டு. அளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை. சிறு ஏஏ பற்றரி அளவுக் கிழங்கு போதும். அதிலிருந்தும் முழுச்செடி வரும். நடுவில் கறுத்து, தோல் தடித்துக் கிடப்பது வசந்தத்தில் நீங்கள் நட்ட தாய்க்கிழங்கு. பெரும்பாலும் முதலில் அழுகுவது அதுதான், எறிந்துவிடுங்கள். மயிர்போன்ற வேர்களையும் வாலையும் நறுக்கிவிடுங்கள்.

கத்தியை ஒவ்வொரு குலைக்கும் இடையில், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் முக்கி எடுங்கள். வெட்டிய முகத்தில் கந்தகப் பொடியோ கறுவாப் பொடியோ தொட்டு ஒருநாள் காயவிடுங்கள். காய்ந்தபின் கிழங்கின் தோலிலேயே அழியாத மைப் பேனாவால் பெயரை எழுதிவிடலாம். தாளும் பட்டையும் எப்படியும் கழன்றுவிடும். தோலில் எழுதியது வசந்தம்வரை நிற்கும்.

உறக்கம்

இனி அந்த மெக்சிகோக் குளிர்காலம். 4 முதல் 10 பாகை செல்சியஸ், இருட்டு, வற்றாமல் பிடிக்கும் அளவுக்கு ஈரப்பதம். உறைந்தால் கிழங்கு கூழாகும். 10 பாகைக்கு மேலே போனால் ஜனவரியிலேயே முளைக்கவோ வற்றவோ தொடங்கும்.

ரொறன்ரோப் பகுதியின் வீடுகள் பலவற்றில், முன் வாசற்படித் திண்ணைக்குக் கீழே நிலவறையை ஒட்டி ஒரு சிறிய கொங்கிரீட் அறை இருக்கும். குளிரறை என்பார்கள். ஊறுகாய்ப் போத்தலும் அரிசிப் பையும் வைப்பதற்கு என்று நாம் நினைக்கிற அந்த இடம், டேலியாவுக்காகவே கட்டியது போன்றது. ஆனால் அந்த அறைக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. வெளிச்சுவரும் காற்றுத்துவாரமும் உள்ள பக்கம், பெப்ரவரியில் வெளியே மைனஸ் 20 போகும் இரவுகளில் உறையக்கூடும். வீட்டுக்குள் திறக்கும் கதவுப் பக்கம், தரையில் வைக்காமல் மரத்தட்டின்மேல் வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து காட்டும் சிறு வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். 3 பாகைக்கு இறங்கினால் அன்றிரவு கதவைச் சிறிது திறந்து வைத்தால் போதும். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் மூலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த உலர்காற்று சில வாரங்களிலேயே கிழங்கைச் சக்கையாக்கும்.

எதற்குள் வைப்பது என்பது உங்கள் வீட்டின் ஈரத்தைப் பொறுத்தது. என் குளிரறையில் கொஞ்சம் ஈரம் அதிகம். தமிழ்க் கடைகளில் வெறுமையாகக் கிடக்கும் வாழைப்பழப் பெட்டியைக் கேட்டு வாங்கி, உள்ளே செய்தித்தாள் விரித்து, முயல் முதலான வளர்ப்புப் பிராணிகளுக்கு விரிக்கும் மரச்சீவலை நிரப்பி, ஒரு கிழங்கு மற்றதைத் தொடாமல் அடுக்குகிறேன். பிக்கரிங்கில் இருக்கும் என் மச்சாளுக்குக் குளிரறை கிடையாது, கராஜை ஒட்டிய ஓர் அலுமாரி மட்டும்தான். அங்கே காற்று உலர்வு. அவர் ஒவ்வொரு கிழங்கையும் சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தனித்தனியாகச் சுற்றிவைக்கிறார். ஒன்று அழுகினாலும் மற்றதற்குப் பரவாது, சப்பாத்துப் பெட்டிக்குள் பாத்தியே அடங்கிவிடும். அவரிடம் தப்பிப் பிழைப்பவையும் நிறையவே. வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடிக்கும் கனிமச் செதில் இடைப்பட்டது, கையில் அள்ளினால் ஈரம் தெரியாத அளவுக்குத் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கிழங்கோடு போட்டு, வாயை இறுகக் கட்டாமல் வைக்கவேண்டும். எந்த முறை சரி என்று அயலவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். முதல் ஆண்டு கிழங்குகளை மூன்று பங்காக்கி மூன்று முறையிலும் வைத்துப் பாருங்கள். உங்கள் வீடே சொல்லிவிடும்.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் கையில் எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் இதுதான் மிக முக்கியம், எல்லோரும் மறப்பதும் இதைத்தான். நல்ல கிழங்கு அமுக்கினால் இறுக்கமாக, உள்ளங்கையில் பாரமாக இருக்கும். தோல் இலேசாகச் சுருங்கியிருந்தால் சீவலின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடுங்கள். கிழங்கின்மேல் நேரே தெளிக்கவேண்டாம். வெள்ளைப் பூஞ்சணம் மேலாகத் தெரிந்தால் துடைத்துக் கறுவாப் பொடி தொட்டு, பெட்டியை ஒருநாள் திறந்து வையுங்கள். ஒரு முனை மெத்தென்று பழுப்பாக இருந்தால், வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கழுத்தும் தலையும் நலமாக இருந்தால் பாதிக் கிழங்கும் பிழைக்கும். அழுகல் கழுத்தைத் தொட்டுவிட்டால் எறியவேண்டியதுதான். புளித்த மணம் மூக்கில் பட்டால், எது என்று கண்டுபிடிக்காமல் பெட்டியை மூடாதீர்கள்.

சட்டியில் வளர்த்தவர்களுக்கு வேலை மிகக் குறைவு. பனி பட்டதும் தண்டை வெட்டி, சட்டியோடு குளிரறைக்குக் கொண்டுபோய், வசந்தம்வரை தண்ணீர் காட்டாமல் விட்டுவிடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குளிரறை உள்ள உறவினரிடம் பெட்டியைக் கொடுத்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் உலர்வும் குளிரும் அதிகம்.

இலண்டனிலும் வன்கூவரிலும் மண் ஆழமாக உறைவது அரிது. தண்ணீர் வடியும் மண்ணானால் தண்டை வெட்டிவிட்டு, தலையின்மேல் ஐந்தாறு அங்குலத்துக்குக் கூட்டெருவோ மரச்செதிலோ குவித்துவிட்டால் கிழங்கு மண்ணிலேயே உறங்கும். அங்கே எதிரி மழை. தண்ணீர் தேங்கும் வளவானால் அவர்களும் தோண்டத்தான் வேண்டும்.

எழுப்புதல்

ஏப்ரல் நடுவில் பெட்டியை வீட்டுக்குள், 18 பாகைக்கு மேல் சூடுள்ள இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கண்கள் வீங்கி முளை காட்டும். பிரிக்காமல் வைத்தவர்களுக்குப் பிரிக்கும் நேரம் இது. முளைக்காதவற்றை உடனே எறியவேண்டாம், சில வகைகள் தூங்குமூஞ்சிகள். மே கடைசிவரை பொறுக்கலாம்.

சீக்கிரம் பூ வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே சிறு சட்டியில், தலை மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். செடியைப் பெருக்க விரும்பினால், முளை மூன்று அங்குலம் வந்ததும் அடியில் ஒட்டவெட்டி ஈரமான கலவையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அது தாய்ச்செடியின் அச்சு. விலை கூடிய ஒரே கிழங்கை நாலைந்து செடியாக்க இதுதான் வழி. விதையிலிருந்து அப்படி வராது. தோட்டத்து டேலியாவின் உயிரணுவில், பரம்பரை இயல்புகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் எட்டுத் தொகுதிகளாக இருக்கின்றன. ஒரே பூவின் விதைகளிலிருந்தும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு செடி வருவதில்லை. எனக்கு அதுவும் பிடிக்கும், ஒரு மூலையில் விதைச்செடிகளுக்கும் இடம் விடுகிறேன்.

வீட்டுக்குள் முளைத்த செடியை நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம், பத்து நாள் நிழலிலிருந்து வெயிலுக்குச் சிறுகச் சிறுகப் பழக்கி, விக்டோரியா தின வார இறுதியில் பாத்திக்கு இறக்குங்கள்.

அதற்குள் உங்களிடம் பாத்தி கொள்ளாத அளவுக்குக் கிழங்கு சேர்ந்திருக்கும். அயலவருக்கும் உறவினருக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது கண் முளைத்ததாகப் பார்த்துக் கொடுங்கள், தோலில் பெயர் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், முளை வரும்வரை தண்ணீர் ஊற்றவேண்டாம் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.